மதலேனாள் தனியாகப் படித்ததில்லை

"குடிச்சான், விழுந்தான். இதுல நீ ஏந்தா காலங்காத்தால கடைக்குள்ள வந்து நிக்கிற?" என்றார் அமிர்தராஜ்.

சின்னமனூரில் அவருடைய பூச்சிமருந்துக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. அவர் கேட்டது தன் தங்கை மதலேனாளிடம். நான் மதலேனாள் அக்காவுக்குப் பின்னால், வாசற்படியில் நின்றேன். அந்தக் கடையின் மாடியில்தான் நாங்கள் இருவரும் வேலை செய்தோம்.

"எதுல கைய விட்டுட்டு விழுந்தான், அதச் சொல்லுங்கண்ணே" என்றார் அக்கா.

"ஒயின்ஷாப்புல கைய விட்டுட்டு."

"அண்ணே."

"கவாத்து முடிஞ்ச தோட்டம். திராட்சைக் கொம்புக்கு மொட்டு மருந்து தடவிக்கிட்டு இருந்திருக்கான். மத்தியானம் கஞ்சி குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு ஒயின்ஷாப்புக்குப் போயிட்டு வந்திருக்கான். வந்தவன் மூஞ்சியெல்லாம் செவந்து, மூச்சு வாங்கி, பந்தல் கல்தூணுல மோதி விழுந்தான். வருசம் முச்சூடும் குடிக்கிறவன்தான."

"வருசம் முச்சூடும் குடிக்கிறவன் அன்னைக்கி மட்டும் எதுக்கு விழுந்தான்?"

"அத தங்கபாண்டிகிட்டத்தான் கேக்கணும். தேனி ஆஸ்பத்திரியில கெடக்கான். போயிக் கேளு."

அக்கா அலமாரித் தட்டிலிருந்து ஒரு மொட்டு மருந்து டப்பாவைத் தானே எடுத்தார். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த கொடியில் மொட்டுகள் ஒரே சீராக வெடிப்பதற்குத் தடவுகிற மருந்து அது. ஜெர்மனியிலிருந்து இறக்குமதியாகி வருவது. டப்பாவில் அமிர்தராஜ் அச்சடித்து ஒட்டிய தமிழ்ச் சீட்டு இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது.

"இம்புட்டுத்தானா?"

"வேறென்ன, வேத வசனமா போடச் சொல்ற? மருந்தோட வந்த இங்கிலீசுத் தாள்ல எச்சரிக்கைன்னு என்ன இருந்துச்சோ அதத்தான் தமிழ்ல அடிச்சு ஒட்டுனேன்."

"அந்தத் தாளக் காட்டுங்க."

அவர் செல்போனில் தேடி எடுத்து நீட்டினார். அக்கா முதல் பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தார். பிறகு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். செல்போனை என்னிடம் கொடுத்தார். தாளின் அடியில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர் மதலேனாள். ஒப்புப் படித்தவர் மகிமா. மகிமா நான்தான்.

"இத நாங்க படிக்கல" என்றார் அக்கா.

"பேரு போட்டிருக்கே."

"பேரு போட்டிருக்கு. நாங்க படிக்கல."

"அப்ப உம்பேர எவன் கொண்டாந்து போடுவான்? நீ என்ன கலெக்டரா, உம்பேரத் திருடுறதுக்கு? போத்தா. போயி ஜெர்மன்காரன் பாசையில உக்காந்து ஜெபம் பண்ணு. யாவாரத்தக் கெடுக்காத."

அவர் ஜெபம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு அக்கா யாரென்று சொல்ல வேண்டும்.

மதலேனாள் அக்கா ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி முடித்த கையோடு கன்னியர் சபையில் சேர்ந்தார். சபை அவரை ஜெர்மனியில் பவேரியாப் பக்கம் இருந்த தன் மருத்துவமனைக்கு அனுப்பியது. அங்கே மருந்தகத்தில் வைத்து வேதியியல் படிக்கவைத்தார்கள். வருகிற மூலப்பொருள் மூட்டையில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று சோதித்துப் பார்த்து ஏற்பது அவர் வேலை. நன்றாகச் செய்தார் என்று அவர் சொன்னதில்லை. சரியாகச் செய்தேன் என்பார்.

சில வருடம் கழித்து மடத்தில் வயதான வெள்ளைக்காரக் கன்னியர் பெருகிவிட்டார்கள். மருந்தகத்தை வெளியாட்களிடம் ஒப்படைத்துவிட்டு, இந்தியப் பெண்கள் எல்லாரும் கிழவிகளுக்குப் படுக்கை மாற்றப் போகட்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. எல்லாரும் போனார்கள். இவர் மட்டும், ஏன் இந்தியப் பெண்கள் மட்டும் என்று கேட்டார். கீழ்ப்படிதல் என்று ஒரு வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறாயே என்றார்கள். "அத நான் கடவுளுக்குக் குடுத்தேன், உங்களுக்குக் குடுக்கல" என்று சொல்லிவிட்டு, உடுப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு விமானம் ஏறினார்.

சபையை விட்டு வந்த பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் அவரை முன்வரிசையில் உட்கார விடமாட்டார்கள். உடுப்பைக் கழற்றியவரை ஊர் கடைசிவரை 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டது. அது மரியாதைக்குக் கூப்பிட்டதல்ல. கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு ஆள் சிரிப்பான்.

அண்ணன் கடை மாடியை விட்டுக்கொடுத்தார். சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் வேலை கொடுத்தது. காப்புரிமை விண்ணப்பங்கள், மருந்துகளின் பாதுகாப்புத் தாள்கள் எல்லாம் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும். வாக்கியங்களை வேறு யாராவது செய்துவிடுவார்கள். நடுநடுவே வருகிற சேர்மங்களின் பெயர்களை மட்டும் மஞ்சள் பூசி அக்காவுக்கு அனுப்புவார்கள்.

கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். நாம் பள்ளியில் சோடியம் என்று படித்தது அவர்களுக்கு நாட்ரியம். பொட்டாசியம் காலியம். அதெல்லாம் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். பெரிய சேர்மங்களில்தான் கஷ்டம். ஜெர்மன்காரர்கள் ஒரு முழு மூலக்கூறையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதிவிடுவார்கள். அமிலத்தை முதலில் சொல்லி, அதோடு சேர்ந்ததைப் பிறகு சொல்லி, எஸ்டர் என்று முடிப்பார்கள். ஆங்கிலத்தில் அது தலைகீழாகத் திரும்பும். எந்தக் கிளை எந்த இடத்தில் என்று எண்கள் இருக்கும். அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் இன்னொரு அடைப்பு. ஒரு எண் இடம் மாறினால் அது வேறு பொருள்.

அதனால் அக்கா பெயரிலிருந்து நேராகப் பெயருக்குப் போகமாட்டார். ஜெர்மன் பெயரைப் படித்து முதலில் மூலக்கூறைப் படமாக வரைவார். பிறகு ஜெர்மனை மூடி வைத்துவிட்டு, படத்தைப் பார்த்து ஆங்கிலப் பெயர் எழுதுவார். அதற்கப்புறம் ஒப்புப் படிப்பு. அவர் கையில் ஜெர்மன் தாள் இருக்கும், என் கையில் ஆங்கிலத் தாள் இருக்கும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. அவர் ஒரு துண்டு உரக்கப் படித்தால் நான் என் தாளிலிருந்து அதன் மறுபாதியைச் சொல்ல வேண்டும். "அடைப்புத் தொறக்குது" என்பார். "திறந்தாச்சு" என்பேன். "ரெண்டு, கமா, நாலு" என்பார். "டைகுளோரோ" என்பேன். அட்டவணையாக இருந்தால் ஒவ்வொரு வரிசை தொடங்கும்போதும் மேஜையில் ஒரு தட்டு. இரண்டு பாதியும் சேராத இடத்தில் நின்றுவிடுவோம். சேரும்வரை அடுத்த சொல்லுக்குப் போவதில்லை.

இதை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கத்தோலிக்கர்களுக்குத் தெரியும். ஜெபமாலை சொல்லும்போது ஒரு பாதியை ஒரு பக்கத்தார் சொல்ல, மறுபாதியை எதிர்ப்பக்கத்தார் சொல்வார்கள். "ஒத்தையில சொன்னா நடுவுல தூங்கிருவோம், அதுக்குத்தான் ரெண்டு பக்கம்" என்பார் அக்கா. நான் தேனியில் கடை வைத்திருக்கிற புராட்டஸ்டண்ட் வீட்டுப் பெண். தமிழ்வழியில் பத்தாவது வரை, பிறகு ஆங்கிலத்தில் வேதியியல். எனக்கு ஜெபமாலை தெரியாது. "உங்க ஆளுகளுக்கு எல்லாத்தையும் ஒருத்தரே எந்திரிச்சு நின்னு பேசணும். மத்தவுக ஆமென் போடணும்" என்று கிண்டல் செய்துதான் எனக்கு இதைப் பழக்கினார். கீழே கடைக்கு வருகிறவர்கள் மாடியிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, சிஸ்டர் இன்னும் ஜெபத்தை விடவில்லை என்று பேசிக்கொள்வார்கள்.

நிறுவனத்துக்கு ஒரு மென்பொருள் வந்தது. மேலாளர் ஞானசிகாமணி போன் செய்தார். அந்த ஆள் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. இனிமேல் மென்பொருளே பெயர்களைப் போட்டுவிடும், மேடம் ஒருமுறை கண்ணை ஓட்டினால் போதும், ஒப்புப் படிக்க இன்னொருவர் தேவையில்லை என்றார். "கண்ண ஓட்டுறதுக்கு வேற ஆளப் பாருங்க. நாங்க ரெண்டு பேரா படிப்போம், இல்லன்னா பேரு போட மாட்டோம்" என்றார் அக்கா. சரி மேடம், உங்கள் விருப்பம் மேடம் என்றார் அவர். அதற்குப் பிறகு வேலை பாதியாகக் குறைந்தது. மீதி வேலை வேறு யாருக்கோ போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எவருக்கும் போகவில்லை. மென்பொருளிலிருந்து நேராக வெளியே போயிருக்கிறது, எங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு.

கடையிலிருந்து மாடிக்கு வந்ததும் மருந்து செய்கிறவர்களின் இணையதளத்திலிருந்து ஜெர்மன் மூலத்தை எடுத்தோம். அக்கா அதை வைத்துக்கொண்டார். அமிர்தராஜ் அனுப்பிய ஆங்கிலத் தாள் என்னிடம் இருந்தது. பொருள்களின் அட்டவணை வந்ததும் அவர் மேஜையைத் தட்டினார். முதல் வரிசையின் பெயரைப் படித்தார். நான் பதில் சொல்லவில்லை. அவர் திரும்பப் படித்தார். என் தாளில் அந்தப் பெயர் முதல் வரிசையில் மட்டுமல்ல, எந்த வரிசையிலும் இல்லை.

நடந்தது இதுதான். டப்பாவில் பாதிக்குப் பாதி இருப்பது சயனமைடு என்கிற பொருள். அதோடு மிகச் சிறிய அளவில் அதன் உறவுப் பொருள் ஒன்றும் இருக்கிறது. சயனமைடு மூலக்கூறுகள் இரண்டு ஒட்டிக்கொண்டால் அது கிடைக்கும். பெரிய தீங்கு செய்யாத பொருள். உரத்தில்கூடச் சேர்க்கிறார்கள். ஜெர்மன் தாளில் முதல் பெயர் அதன் மாற்றுப் பெயர்களோடு நீளமாகி அடுத்த வரிக்கு மடிந்திருந்தது. மென்பொருள் ஒரு வரிசை தள்ளிப் படித்துவிட்டது. தீங்கில்லாத பொருளின் பெயர், பாதிக்குப் பாதி என்கிற அளவுக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. எச்சரிக்கைகள் அந்தப் பெயரை வைத்து மென்பொருளே எடுத்துப் போடுபவை. அதனால் அவையும் தீங்கில்லாத பொருளுக்கு உரியவையாக மாறிவிட்டன.

சயனமைடு தோலைப் புண்ணாக்கும். தோல் வழியாக உடம்புக்குள்ளும் போகும். போனால் உடம்பு சாராயத்தைச் செரிக்காது. அந்த நேரத்தில் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், ஆள் விழுவான். ஜெர்மன் தாளில் இது தடித்த எழுத்தில் இருந்தது. இந்த மருந்தைக் கையாளுவதற்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்குச் சாராயம் கூடவே கூடாது. எங்கள் பெயர் போட்ட ஆங்கிலத் தாளில் அந்த வரி இல்லை. எனவே அமிர்தராஜின் சீட்டிலும் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த மாதத்திலும் எங்காவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும். ஒரு தோட்டத்தை முடித்த ஆட்கள் அடுத்த தோட்டத்துக்குப் போவார்கள். டப்பாவும் அவர்களோடு போகும். அண்ணாந்து நின்று, கையுறை இல்லாமல், துணியை மருந்தில் நனைத்துக் கொம்பு கொம்பாகத் தடவுவார்கள். முழங்கை வரை வழியும். சாயந்திரம் கழுத்து வலிக்கிறது என்று குடிப்பார்கள். அடுத்து விழப்போகிறவன் எந்தத் தோட்டத்தில் நிற்கிறான் என்பது ஒன்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

அக்கா மொபெட்டை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு பந்தலில் சின்னக்கருப்பு என்பவருடைய ஆட்கள் மருந்து தடவிக்கொண்டிருந்தார்கள். டீ குடிக்க உட்கார்ந்த நேரம் பார்த்து அக்கா போய் நின்றார்.

"அண்ணே, இந்த மருந்த தொட்ட அன்னைக்கிக் குடிக்கக் கூடாது. முந்துன நாளும் கூடாது, பெறகு ரெண்டு மூணு நாளைக்கும் கூடாது. தங்கபாண்டி விழுந்தது அதுலதான்."

சின்னக்கருப்பு டீயை ஊதிக்கொண்டே சிரித்தார். "சிஸ்டர், பங்குச் சாமியாரு சொல்லிப் பாத்தாக. எம் பொண்டாட்டி சொல்லிப் பாத்தா. இப்ப மருந்து டப்பாவும் சொல்ல ஆரம்பிச்சிருச்சா?"

"நான் புத்திமதி சொல்ல வரல. இது விஷம்."

"குடியே விஷம்னுதான் பாட்டில்ல எழுதியிருக்கான். படிச்சுப் பாத்துட்டுத்தான் தொறக்கோம்."

"நான் ஐயப்பனுக்கு மாலை போட்டா விட்டுருவேன் சிஸ்டர். அதுக்குக் கார்த்திக வரணும்" என்றான் இன்னொருவன்.

"இல்லன்னா ஒரு ஜெபமாலையப் போட்டுவிடுங்க, இப்பவே விட்டுர்றான்."

"குடிங்க. யாரும் வேணாங்கல, நல்லாக் குடிங்க. குடிக்கிற நாள்ல இந்த வேலைக்கி மட்டும் வராதீக" என்றார் அக்கா.

"அந்தா பாருலே, சிஸ்டரே குடிக்கச் சொல்லிட்டாக. அங்கன ஜெர்மனியில பீரு ஊத்திக் குடுத்திருப்பாக போல."

பந்தலுக்குள்ளிருந்து பெண்கள் கூடச் சிரித்தார்கள். இன்னும் நாலைந்து தோட்டத்துக்குப் போனோம். எங்கேயும் இதுதான் நடந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் மருந்தைப் பற்றிய செய்தியாக இருந்திருக்கும். சபையை விட்டு வந்த ஒரு பெண் சொன்னதால் அது குடிக்காதே என்கிற பிரசங்கமாகிவிட்டது. ஒழுக்கம் கெட்டுத் திரும்பி வந்தவள் என்று இத்தனை வருடம் பேசிய அதே வாய்கள், அன்றைக்கு அவரைத் திரும்பவும் கன்னியாஸ்திரீ ஆக்கிவிட்டுச் சிரித்தன. நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு மொபெட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் மனதில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் தங்கபாண்டி படுத்திருந்தார். தோள்பட்டை நொறுங்கிக் கட்டுப் போட்டிருந்தார்கள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவர் மனைவி சொர்ணலதா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும், இனியாவது குடியை விடச் சொல் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நீங்களும் அதச் சொல்லத்தான வந்தீக?" என்றார் சொர்ணலதா.

"இல்லத்தா. உம்புருசன் விழுந்தது குடியால இல்ல. மருந்துல அப்பிடி ஒரு கொணம் இருக்கு. அதச் சொல்லியிருக்கணும். டப்பாவுல போடல."

சொர்ணலதா எழுந்து நின்றார். "போட வேண்டியது ஆரு?"

"ஜெர்மன்ல இருந்தத இங்கிலீசுல எழுதுனவுக."

"அது ஆரு?"

"என் பேருதான் போட்டிருக்கு" என்றார் அக்கா.

அந்த அம்மாள் மறுபடி தரையில் உட்கார்ந்து, கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை அக்கா ஞானசிகாமணிக்குப் போன் செய்தார். நானும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நீங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார் அவர். "வரிசை ஒண்ணு தள்ளியிருக்கு, அவ்வளவுதானே. உங்க பேரு நீங்க செஞ்ச பழைய தாள்ல இருந்தது அப்படியே வந்திருக்கும். யாரும் வேணும்னு செய்யல."

"விற்பனைய எப்ப நிறுத்துவீங்க?"

"முதல்ல உள் விசாரணை. பிறகு சட்டப்பிரிவு பார்ப்பாங்க. அவங்க வழியாத்தான் இறக்குமதி பண்றவங்களுக்குத் தெரிவிக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா மேடம்."

"அதுக்குள்ள இன்னொருத்தன் விழுந்தா?"

"அதுக்குள்ள நாம யாரும் எதுவும் எழுத வேண்டாம். உங்க நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அக்கா மேஜை மேலிருந்த பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "மொழிபெயர்த்தவளே நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு எழுதுனா?"

அவர் மெதுவாகச் சொன்னார். "அப்படி எழுதினா அன்னைக்கே நிறுத்தணும். இறக்குமதி பண்றவங்களோட போட்ட ஒப்பந்தத்துல அது இருக்கு. ஆனா மேடம், அதுக்கப்புறம் உங்களுக்கு இந்தத் தொழில்ல..."

அக்கா போனை வைத்துவிட்டார்.

நான் கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். நம் பெயரைத் திருடியிருக்கிறார்கள், போலி என்று எழுதுவோம், போலீசுக்குப் போவோம் என்றேன்.

"போலின்னு சொன்னா கேசு. கேசுன்னா தேதி. அந்தத் தேதி வர்றதுக்குள்ள எத்தன டப்பா தொறப்பாக? நான் தோட்டந்தோட்டமாப் போயிச் சொல்லிட்டேன். சிரிக்கிறாக. டப்பாவ எடுத்தாத்தான் நிக்கும்."

"செய்யாத தப்ப நீங்க ஏங்க்கா ஏத்துக்கணும்?"

"செஞ்சவன் ஏத்துக்க மாட்டான். வேற ஆரு இருக்கா, சொல்லு."

நான் சொல்வதற்கு யாரும் இல்லை. அதற்குத்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை. மென்பொருளை வாங்கியவன் இருக்கிறான், விற்றவன் இருக்கிறான், பழைய தாளில் எங்கள் பெயரை அழிக்காமல் விட்டவன் இருக்கிறான், குரலை உயர்த்தாமல் பேசுகிறவன் இருக்கிறான். ஒரு டப்பாவை நிறுத்த இவர்களில் ஒருவன் தன் பெயரைக் கொடுத்திருந்தால் போதும்.

அக்கா எழுதினார். தேதி, மருந்தின் பெயர், தவறு நடந்த வரிசை, சரியான பெயர், சேர்க்க வேண்டிய எச்சரிக்கை. இது என் பிழை, என் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். நிறுவனத்துக்கும் இறக்குமதிக்காரர்களுக்கும் மருந்து செய்கிறவர்களுக்கும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினார். மறுநாளே கடைகளிலிருந்து டப்பாக்களை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தோட்டங்களில் திறக்காமல் கிடந்தவற்றையும் வேனில் வந்து வாங்கிப் போனார்கள். பிறகு வந்த டப்பாக்களில் சிவப்பு எழுத்தும், பாட்டிலுக்குக் குறுக்கே கோடு போட்ட படமும் இருந்தன. படம் போட்டதும் சின்னக்கருப்பு நம்பினார். இப்போது தன் ஆட்களிடம் அவரே சொல்கிறாராம், ஏதோ தானே கண்டுபிடித்ததைப் போல.

அக்காவுக்கு நடந்ததையும் சொல்கிறேன். நிறுவனம் அவரை விலக்கியது. தரக்குறைவு காரணமாக என்று மற்ற நிறுவனங்களுக்கும் தெரிவித்தது. அதே ஞானசிகாமணி எனக்குச் செய்தி அனுப்பினார். இதில் உங்களுக்குப் பங்கில்லை என்று எங்களுக்குத் தெரியும், விருப்பமிருந்தால் நீங்கள் ஒருவரே வேலையைத் தொடரலாம் என்று. நான் பதில் போடவில்லை.

தங்கபாண்டி வீடு திரும்பினார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. பந்தல் வேலைக்கு இனி ஆகமாட்டார். சொர்ணலதா கடை வாசலில் வந்து நின்று, கூட்டம் கூடும்வரை பேசினார். "எம்புருசனக் குடிகாரன் குடிகாரன்னு ஊரே சொல்லுச்சே. இவ எழுதாம விட்டதுக்கு எம்புருசன் பேரு கெட்டுச்சே. சபையில நெலச்சு நிக்க மாட்டாதவ, எங்க உசுர எழுத வந்துட்டா." அக்கா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று முழுவதையும் கேட்டார். நடுவில் உள்ளே போகவில்லை. சொர்ணலதாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சுற்றி நின்றவர்கள்மேல்தான் கோபம். அதில் பாதிப் பேர், அக்கா வந்து எச்சரித்தபோது சிரித்தவர்கள்.

அமிர்தராஜ் மாடியைக் காலி செய்யச் சொன்னார். கடைக்கு ஆகாத பெயர் வந்துவிட்டதாம். அக்கா தேனிக்கு வந்துவிட்டார். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் பெண்களுக்கு மொழி சொல்லித் தருகிறார். அங்கேயும் ஒரு பெண்ணின் தகப்பனார் வந்து, மருந்துத் தாளைத் தப்பாக எழுதியவர் நீங்கள்தானே என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்றாராம்.

இத்தனை பேரில் ஒருவர்கூட, மதலேனாள் எப்படி ஒரு வரிசையைத் தவறவிட்டிருப்பாள் என்று கேட்கவில்லை. அந்த மாடியிலிருந்து வந்த சத்தத்தை வருடக்கணக்காகக் கேட்டவர்கள் இவர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் மேஜையில் விழுந்த தட்டைக் கேட்டவர்கள்.

மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன்னால் அக்கா என்னிடம் ஒன்று கேட்டார். அதை நான் செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். தாளில் இரண்டாவதாக இருந்த என் பெயரை அவர் விரலால் மறைத்துக்கொண்டு கேட்டது இது:

"ஆராச்சும் வந்து கேட்டா, அன்னைக்கி நீ அங்கன இல்லன்னு சொல்லு. அக்கா ஒத்தையில படிச்சாக, அதனாலதான் தப்பாப் போச்சுன்னு சொல்லு. சொல்லுவியா மகிமா?"